புள்ளிகளுக்குள் ஓர் எண்

“பன்னெண்டு, எட்டு, ஆறு, இருபத்தொம்பது, அம்பத்தேழு...”

பினாங்குக்குப் போகும் பட்டர்வொர்த் ஃபெரிப் படகில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுகேந்திரன் முணுமுணுத்தபடி வந்தான். பசார் பையோடு பக்கத்தில் நின்ற பெண்மணி அவன் கையிலிருந்த துண்டுச் சீட்டை எட்டிப் பார்த்தாள்.

“என்ன தம்பி, இன்னைக்கு எடுக்கப்போற நம்பரா? எனக்கும் ஒண்ணு சொல்லுலா.”

“இது அந்த நம்பர் இல்லக்கா!”

எரிச்சலோடு சீட்டைக் கசக்கிப் பைக்குள் திணித்தான். லாட்டரி நம்பர் விழாமல் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். இது தவறினால் படிப்பே போய்விடும்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நான்கு வருஷம் பெட்டி கட்டிக்கொண்டிருந்தவன், அந்த வேலையை உதறிவிட்டுப் பல்கலைக்கழகத்தில் பார்வை அறிவியல் சேர்ந்திருந்தான். இதை முடித்தால்தான் கண் பரிசோதிக்கும் ஆப்டோமெட்ரி தொழிலுக்குள் நுழைய முடியும். பாகான் டாலாமில் அவன் அம்மா தனலெட்சுமியோ, ‘எங்க வீட்டுக் கண்ணு டாக்டர்’ என்று இப்போதே தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

போன வாரம்தான் எல்லாம் கெட்டது. ஆய்வுக்கூடத்தில் மாணவர்கள் ஒருவர் கண்ணை ஒருவர் சோதித்துப் பழகினார்கள். நிறப்பார்வைப் புத்தகத்தில் வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் எண்ணைச் சொல்ல வேண்டும். கூடப் படிக்கும் ஷர்மினி ஒரு பக்கத்தை அவன் முன்னால் நீட்டினாள்.

“இருபத்தொண்ணு,” என்றான்.

“விளையாடாதலா! எழுபத்து நாலு. எவ்ளோ பெருசா இருக்கு, கண்ணு தெரியலையா?”

அவளோடு சேர்ந்து அவனும் சிரித்துவைத்தான். பிறகு தனியாகப் பாடப்புத்தகத்தைப் புரட்டினான். எழுபத்து நான்கை இருபத்தொன்று என்று படிப்பவனுக்குச் சிவப்பு, பச்சை பிரித்தறியும் சக்தி குறைவு என்று அதில் போட்டிருந்தது. தேர்வில் இதே பாடத்துக்கு எட்டுப் பக்கம் எழுதி வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்கியவன் அவன்தான். சொந்தக் கண்ணின் கோளாறு மட்டும் இத்தனை நாள் தெரியவில்லை. யார்மேல் கோபப்படுவது என்றுகூடப் புரியாமல் புத்தகத்தைச் சுவரோரம் விட்டெறிந்தான்.

மாணவர்களைப் பயிற்சிக்குக் கிளினிக்குக்கு அனுப்பும் முன் துறைத் தலைவர் சாதிக் சார் இன்று ஒவ்வொருவரையும் தானே சோதித்துப் படிவத்தில் எழுதப்போகிறார். தேறாதவனுக்கு என்ன ஆகும் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ‘வேற கோர்ஸுக்குத் தள்ளிடுவாங்களாம்’ என்பதுதான் கேண்டீன் பேச்சு. அதனால்தான் அந்தச் சீட்டு. புத்தகத்தின் விடைகள் அத்தனையும் வரிசைப்படி அதில் இருந்தன.

“உள்ள வா தம்பி.”

சுகேந்திரன் சாதிக் சாரின் மேசையைப் பார்த்தான். கோப்புகள் விளிம்பு பிசகாமல் அடுக்கியிருந்தன. எழுதுகோல் ஒவ்வொன்றிலும் அதன் நிறத்தின் பெயரைப் பொடி எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தது. இவ்வளவு கறாரான மனிதரையா ஏமாற்ற முடியும்?

“ஆரம்பிக்கலாமா?”

“பன்னெண்டு, சார்.”

“நான் இன்னும் புத்தகத்தையே தொறக்கலையே!”

சுகேந்திரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். சார் முதல் பக்கத்தைத் திறக்கவில்லை. நடுவில் எங்கோ விரலைவிட்டு ஒரு பக்கத்தைத் திருப்பி, மூலையிலிருந்த வரிசை எண்ணைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டார். மனப்பாடம் செய்த வரிசை ஒரே நொடியில் பாழாய்ப் போனது.

“அம்பத்தேழு?”

சார் அடுத்ததைத் திருப்பினார்.

“எட்டு... இல்ல சார், ஆறு.”

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. “பாத்துச் சொல்றியா, மனப்பாடமா சொல்றியா?”

அவ்வளவுதான். ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது.

“பாத்தா சரியா எதுவும் தெரியல சார்! பாதிப் பக்கத்துல வெறும் புள்ளிதான் தெரியுது! ஜன்னல் பக்கம் வச்சுப் பாத்தேன், லைட்ட மாத்தி மாத்திப் பாத்தேன், ஒண்ணும் வரல. வேலைய விட்டுட்டு ரெண்டு வருஷம் உயிரக் குடுத்துப் படிச்சிருக்கேன் சார். இப்ப அம்மாகிட்ட என்னன்னு போய்ச் சொல்ல? ஃபெயில்னு எழுதிடுங்க. கலரே தெரியாதவன் இன்னொருத்தர் கண்ணைத் தொடலாமா?”

சாதிக் சார் எதுவும் எழுதவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். நிதானமாக இன்னொரு பக்கத்தைத் திருப்பி அவன் முன்னால் வைத்தார்.

“இதுல என்ன தெரியுது? உள்ளதை மட்டும் சொல்லு.”

சுகேந்திரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். “எழுபது. ஆனா அது தப்பு சார். பாடப்புத்தகப்படி இருபத்தொம்பதுன்னு இருக்கணும்.”

சார் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினார். குனிந்து, பார்வையை எடுக்காமல் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷமாகப் பினாங்கில் பாதிப் பேருக்குக் கண் பார்த்தவர், பிறகு மெல்லச் சொன்னார்:

“எனக்கும் எழுபதுதான் தம்பி தெரியுது.”