டெல்லியில் மட்டும் ஓடிய படம்

“வேண்டாம்ல லிங்கம். வயசான டைரக்டர எதுக்கு இழுக்க? இன்னிக்கு வேற படத்தப் பத்திப் பேசுவோம்” என்றார் அந்தோணி, நான்காவது முறையாக.

“முடியாதுடா. இன்னிக்கு அவர் வாயாலயே சொல்ல வைக்கிறேன் பாரு” என்றார் ஜோதிலிங்கம். அவர் பிடித்தால் உடும்புப் பிடிதான்.

டெல்லி கிட்வாய் நகரில் ஜோதிலிங்கத்தின் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் அது. ஞாயிறுதோறும் மூன்று நண்பர்கள் அங்கே கூடிப் பழைய படங்களைப் பிரித்து மேய்வார்கள். பேச்சைப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றுவது பக்கத்து பிளாக் வசுமதியின் பொறுப்பு. இதற்குப் பாட்காஸ்ட் என்று பெயர் என்பதையே அவள் சொல்லித்தான் மற்ற இருவரும் தெரிந்துகொண்டார்கள். இந்த 2008-இல் அதைக் கேட்பவர்கள் மொத்தம் நாற்பத்து மூன்று பேர். அதில் பாதி சொந்தக்காரர்கள். ஆனாலும் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் ஜோதிலிங்கத்துக்குத் தலைகால் புரியாது.

வெளியே மே மாத வெயில். இரைச்சல் பதிவாகிவிடும் என்று கூலரை நிறுத்திவிட்டதால் மூவரும் வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தார்கள்.

விவகாரம் ‘சாயங்கால ரயிலடி’ என்ற படத்தைப் பற்றியது. 1986-இல், கோல் மார்க்கெட் பக்கம் ஒரு ஹாலில் தமிழர்களுக்காக ஞாயிறு காலைக் காட்சியாகப் போட்டார்கள். தமிழ்நாட்டில் நான்கே நாளில் பெட்டிக்குள் போன படம். அப்புறம் எங்கேயும் வரவில்லை, கேசட்கூடக் கிடையாது. அதை உலகத் தரம் என்று இருபத்திரண்டு வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார் ஜோதிலிங்கம். ஏனென்றால் கதாநாயகனின் சாவில்தான் படமே ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு கல்யாணம். பெண் பார்க்கப் போவது அதற்கும் பிறகு.

போன வாரம் இதைப் பெருமையாகப் பேசப்போக, கோயம்புத்தூர் நேயர் ஒருவர் எழுதிவிட்டார்: ‘நானும் அந்தப் படத்தைப் பார்த்தேன். கதாநாயகன் கடைசியில்தான் சாகிறான். ஐயா நன்றாகப் புளுகுகிறார்.’

அன்றிலிருந்து ஜோதிலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை.

“ஊரறியப் புளுகன்னு எழுதிட்டான்டா! நீயும்தான அன்னிக்கு அந்த ஹால்ல இருந்த? எனக்காக ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“நான் படத்தச் சரியாப் பாக்கல லிங்கம்.”

“பொய் சொல்லாத. படம் முடிஞ்சு, ஜனவரிக் குளிர்ல வேர்த்து விறுவிறுத்து வெளிய வந்த. ரெண்டு நாளு யார்கிட்டயும் பேசல. அம்புட்டுப் பாதிப்பு ஒனக்கு!”

அந்தோணி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“வசு, நீதான் சாட்சி. டைரக்டர் மட்டும் இல்லைன்னு சொல்லிட்டா, இனிமே இந்த மைக்கத் தொடமாட்டேன்.”

“அச்சா ஜோதிண்ணா, டென்ஷன் ஆகாதீங்க. ரெக்கார்டிங் ஸ்டார்ட் பண்ணிட்டேன். போன் போடுங்க, ஜல்தி!”

இயக்குநர் குழந்தைசாமிக்கு எழுபத்தைந்து வயது. அந்த ஒரு படத்தோடு சினிமாவுக்குக் கும்பிடு போட்டுவிட்டுச் சென்னையில் ஒதுங்கி வாழ்பவர். ஜோதிலிங்கம் செல்போனை ஸ்பீக்கரில் போட்டு மைக்குக்குப் பக்கத்தில் வைத்தார்.

“சார், உங்க படத்துல முதல் காட்சியிலயே ஹீரோவச் சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போறாங்க. இடைவேளைக்கு அப்புறம்தான் அவன் பொண்ணு பாக்கவே போறான். அந்தக் காலத்துலயே இப்படி வைக்க எப்படி சார் துணிஞ்சீங்க?”

ஜோதிலிங்கம் போனை மைக்குக்கு இன்னும் நெருக்கமாக நகர்த்தினார்.

“தம்பி, இதை எங்க பார்த்தீங்க?”

“டெல்லியில சார்.”

“ஜனங்க என்ன சொன்னாங்க?”

“எந்திரிச்சு நின்னு கை தட்டுனாங்க சார். எனக்குப் பக்கத்துல இருந்த பெங்காலிக்காரர் அழுதே போயிட்டார்!”

குழந்தைசாமி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஆமா தம்பி. வேணும்னேதான் அப்படி வெச்சேன். மனுஷன் எதையும் வரிசையாவா நினைச்சுப் பார்க்கிறான்? ஒருத்தர் போன பிறகுதானே அவரோட கல்யாணம் நமக்கு ஞாபகம் வருது? இங்க யாருக்கும் அது புரியல. வரிசையா மாத்திப் போட்டுக் கெடுத்துட்டாங்க. டெல்லியிலதான் என் படம் ஓடியிருக்கு.” கிழவரின் குரல் தழுதழுத்தது. “இத்தன வருஷத்துல இந்தப் படத்துக்காக எனக்கு வந்த முதல் போன் இதுதான் தம்பி. நல்லா இருங்க.”

“வாஹ்!” என்றாள் வசுமதி.

ஜோதிலிங்கத்தின் கண்கள் நிறைந்துவிட்டன. கோயம்புத்தூர்க்காரர் இனி வாயைத் திறக்க முடியாது. நன்றி சொல்லிப் போனை வைத்தவர், கூலர் சுவிட்சைத் தட்டிவிட்டு நண்பரின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“கேட்டியாடா? இப்பவாவது ஒத்துக்க. அவர் மேதையா இல்லையா?”

“போன் கட்டாயிட்டா?” என்று கேட்டார் அந்தோணி.

“ஆச்சு.”

“மைக்?”

“பந்த் பண்ணிட்டேன் அண்ணா.”

அந்தோணி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“அன்னிக்கு ஆபரேட்டர் வரல லிங்கம், எனக்கு ஓட்டத் தெரியும்னு வீறாப்புல சொல்லிட்டு புரொஜெக்டர் ரூமுக்குள்ள போனது நாந்தான். இருட்டுல, கடைசி ரீல முதல்ல போட்டு, எல்லாத்தையும் தலைகீழா மாட்டிட்டேன்ல!”