நூற்றுக்கு இருபத்தொன்பது

எழுந்தான். பல் தேய்த்தான். டீ போட்டுப் பாதி குடித்தான், மீதியைத் தொட்டியில் ஊற்றினான். மஞ்சள் ஜெர்சியை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றான்.

"மஞ்சள் ஜெயிச்சிடும் மாமா" என்று சொல்லிப் பார்த்தான். சரியாக வரவில்லை. இன்னொரு முறை சொன்னான்.

வாசலில் கிடந்த செய்தித்தாளில் அவனே வேறு விதமாக எழுதியிருந்தான். இன்றைய கால்பந்து இறுதி ஆட்டத்தில் சிவப்பு அணிக்கு வாய்ப்பு நூற்றுக்கு எழுபத்தொன்று, மஞ்சளுக்கு இருபத்தொன்பது. பழைய ஆட்டங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கடைந்து விளையாட்டுப் பக்கத்துக்கு எண் எடுத்துக் கொடுப்பதுதான் அவனுக்கு வேலை. அவன் கணக்கு அநேகமாகத் தப்பாது.

மாமனார் வீட்டுக் கதவைத் தட்டுவதற்குள் குரல் வந்துவிட்டது.

"வாங்க கணக்குப்புலி! என் டீமை இப்படிக் கழுவி ஊத்தியிருக்கீங்களே, நியாயமா?"

"நம்பர் சொன்னதைத்தான் எழுதினேன் மாமா."

"நம்பரா ஓடிப்போய் கோல் போடும்? உங்க கம்ப்யூட்டர் கிடக்கட்டும் மாப்ள. கப்பு மஞ்சளுக்குத்தான்னு என் பொண்ணு சொல்லிட்டுப் போயிருக்கா. அவ்வளவுதான், பேச்சு முடிஞ்சுது."

அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை.

அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்பதே அவனுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கக் கீழே போயிருந்தான். மேலே வந்தபோது அவள் வாயில் குழாய் வைத்துவிட்டார்கள். அதன் பிறகு அவள் கண்களைத் திறக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து ஒரு நாள் இங்கே வந்தபோது, மாமனார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பல நாளாகச் சோறு தண்ணி இல்லை. "கடைசியா ஏதாவது சொன்னாளா மாப்ள?" என்று மாமியார்தான் கேட்டாள்.

ஒன்றுமில்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அவளுடைய சிறு வயதிலிருந்து அப்பாவும் மகளும் சேர்ந்து உருகிய அணி ஒன்று உண்டு. அதுதான் நினைவுக்கு வந்தது.

"இந்த வருஷம் கப்பு மஞ்சளுக்குத்தான்னு அப்பாகிட்ட சொல்லச் சொன்னா அத்தை."

மாமனார் திரும்பினார். அவன் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். எந்தக் கணக்கைச் சொன்னாலும் எப்படி, எங்கிருந்து என்று குடைந்தெடுக்கிற மனிதர், எப்போது சொன்னாள் என்றுகூடக் கேட்கவில்லை.

"எலை போடு. மாப்ளைக்கும் சேர்த்துப் போடு" என்று எழுந்து உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து தினமும் மாலையில் அவரிடமிருந்து போன் வந்துவிடும். ஆட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும், வாங்க. அவன் போவான். சாப்பிட்டுவிட்டுத் திரும்புவான்.

இப்போது அந்தப் பொய்தான் மைதானத்தில் இறங்கியிருந்தது. மஞ்சள் தோற்றால் மகளின் கடைசி வார்த்தையும் பொய்யாகிவிடும். அவர் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார்.

போன மாதம், நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பிழைத்துக்கொள்கிறார்கள் என்று டாக்டர் சொன்னபோது, அவன் தொண்ணூறை நம்பினான். இன்று இருபத்தொன்பதை நம்பினான்.

ஆட்டம் தொடங்கியது. பணியில் இருந்த காலமெல்லாம் பஸ் ஓட்டிய மாமனார், டிவியைப் பார்த்துக் கையை வீசினார்.

"லெஃப்ட்ல ரோடு காலியாக் கிடக்குடா! ஓட்டுடா! ஐயோ, பிரேக்கைப் போடுறானே!"

"நீங்களே உள்ள இறங்கி ஆடிட்டு வந்துடுங்களேன். அக்கம்பக்கத்துல பாவம், தூங்கட்டும்" என்றாள் மாமியார்.

"மத்தியானத்துல எவன்டி தூங்குறான்?"

முதல் கோல் மஞ்சளுக்கு விழுந்தது. மாமனார் அவனைக் கட்டிப்பிடித்து உலுக்கினார். அவனும் கத்தினான். அவள் போன பிறகு தன் குரலை அவ்வளவு சத்தமாக அவன் கேட்டதே இல்லை.

இடைவேளைக்குப் பிறகு சிவப்பு ஒன்று போட்டுச் சமன் செய்தது. முடிகிற நேரத்தில் சிவப்புக்கு ஒரு கார்னர். உயரமான ஒருவன் எகிறித் தலையால் முட்டினான். பந்து வலையில் சுருண்டது.

மாமியார் எழுந்து அடுப்படிக்குப் போனாள். மாமனார் டிவியை அணைத்தார். கறுத்த திரையில் இரண்டு மஞ்சள் ஜெர்சிகள் மங்கலாகத் தெரிந்தன.



"மாமா... அவ சொன்னது தப்பாப் போகலை. அவ அப்படிச் சொல்லவே..."

"தெரியும் மாப்ள."

அவன் நிமிர்ந்தான்.

"நீங்க மருந்து வாங்கக் கீழ போயிருந்தப்ப எனக்குப் போன் பண்ணினா. உங்க அத்தைகிட்டகூட நான் சொல்லலை. மூச்சு வாங்குது அவளுக்கு. நர்ஸ் போனைக் கேக்குறாங்க, இவ கொடுக்க மாட்டேங்குறா."

அவன் தன்னையறியாமல் அவர் கையைப் பிடித்திருந்தான்.

"என்ன சொன்னா மாமா?"

மாமனார் அணைந்த டிவியைப் பார்த்தபடி சொன்னார்.

"'அவருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாதுப்பா. ஏதாவது பொய் சொல்லுவாரு... நம்பிக்கோங்க.'"