ஃபியூஸ் இருந்த இடம்

பழைய லாரிக்குச் சீரியல் விளக்கும் பாட்டுப்பெட்டியும் மின்விசிறியும் புதிதாக வந்தன. டிரைவர் சவரிமுத்து மூன்றையும் ஒரே ஒயரில் இணைத்தார். ஒயர் சூடேறும்போதெல்லாம் ஃபியூஸ் எரிந்து எல்லாவற்றையும் நிறுத்தியது.

"நல்ல பாட்டு, பாதியில போச்சு. இவன் ஒரு சீக்காளி," என்று பாட்டுப்பெட்டி ஃபியூஸைத் திட்டியது. ஒயரும் ஆமாம் போட்டது.

சவரிமுத்து பல்பைப் பார்த்தார், பேட்டரியைப் பார்த்தார். கோளாறு எதுவும் தெரியவில்லை. கடைசியில் ஃபியூஸைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் தடித்த செம்புக் கம்பியை முறுக்கி வைத்தார். எல்லாம் நிற்காமல் ஓடின.

"நீதான்யா ஆம்பளை!" என்று கம்பியைப் பாராட்டியது மின்விசிறி.

மலைப்பாதையில் ஒயரின் மேல்தோல் இளகத் தொடங்கியது.

"தம்பி, ரொம்பச் சுடுது. கொஞ்சம் நிறுத்து," என்று ஒயர் கம்பியிடம் கெஞ்சியது.

"எப்படிண்ணே நிறுத்தறது?" என்று கம்பி கேட்டது.

"முன்னாடி இருந்தவன் எரிஞ்சு நிறுத்துவான்."

"நான் எரிய மாட்டேண்ணே. அதுக்குத்தானே என்னை வச்சாங்க."

ஒயர் திடுக்கிட்டது. அப்படியென்றால் யார் எரிவது என்று கேட்க வாயெடுத்தபோது, தன் மேலிருந்தே புகை கிளம்புவதைப் பார்த்தது.