மூன்றாவது புரோக்கர்

ஷட்டரை உள்ளிருந்து இழுத்து இறக்கினார்.

உள்ளே இரண்டே பேர். வாடகைக்குக் கடை தேடி வந்த அவரும் புரோக்கர் கிட்டுச்சாமியும். வெளியே உச்சி வெயில். கடைக்குள் கும்மிருட்டு.

"இப்பச் சொல்லு. இந்தக் கடையில என்ன குறை?"

எந்தப் புரோக்கரையும் இப்படித்தான் கேட்பார். வெளிச்சத்தில் ஆள் முகத்தைச் சரிபண்ணிக்கொள்வான். இருட்டில் குரல் மட்டும்தான். குரலுக்குப் பவுடர் போட முடியாது.

நேற்று முதல் ஆள், குறையே இல்லை, ராசியான இடம் என்றான். போடா என்றுவிட்டார். அடுத்தவன் பதில் சொல்லாமல் செல்போன் லைட்டைப் போட்டான். அவனும் போனான்.

எல்லாம் கட்டிடக்காரன் ஆளுங்க. வாடகைக்கு வருகிறவனுக்காகப் பேச ஒருத்தன் இல்லை.

வெள்ளிக்கிழமை அவருடைய பழைய கடையை இடிக்கிறார்கள். மோட்டாருக்குச் செம்புக்கம்பி காயில் கட்டுகிற கடை. அதற்குள் இடம் பிடிக்காவிட்டால் மெஷின் ரோட்டில் கிடக்கும். வேலையாள் மூணு பேரும் எதிர்க்கடைக்குப் போய்விடுவான்கள். அப்புறம் கடை என்று ஒன்று இல்லை.

இன்று புதன்.

கிட்டுச்சாமி அவசரப்படவில்லை.

"மழை பெஞ்சா பின்செவுரு ஊறுமுங்க. ஷட்டர் வலதுபக்கம் சிக்கும். பக்கத்துக் கடைக்காரன் நம்ம வாசல்ல குப்பையத் தள்ளுவான். ஓனர் வாயில சொல்றது ஒண்ணும் நிக்காது, எல்லாத்தையும் எழுதி வாங்கோணும்."

குரல் ஆடவில்லை.

இவன்தான் நம்ம ஆள். ஷட்டரைத் தேடிக் கையை நீட்டினார்.

"இன்னொண்ணுங்கண்ணா. அந்த மூலையில கால் வெச்சராதீங்க. பழைய வாடகைக்காரர் உக்காந்திருக்காரு."

கை நின்றது.

"யாரு?"

"டைலருங்க. செத்து நாலு வருசமாச்சு. காலி பண்ண மாட்டேங்கறாரு. இதச் சொல்லக்கூடாதுன்னாரு ஓனர். நான் உங்களுக்குப் பேச வந்தவன். சொல்லிப்போட்டேன்."

அதே குரல். பின்சுவர் ஊறும் என்று சொன்ன அதே குரல்.

ஷட்டரை ஏற்றினார். வலதுபக்கம் சிக்கியது.

மூலையில் யாரும் இல்லை. தரை முழுக்கத் தூசி. அங்கே மட்டும், ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு, தூசி இல்லை.

பேய்க்கதை சொல்லி வாடகையைக் குறைக்கிற புரோக்கரும் உண்டு. அவருக்குத் தெரியாததா. ஆனால் இவன் வாடகைப் பேச்சையே எடுக்கவில்லை. பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான்.

குனிந்து, விரலால் தரையைத் தொட்டார்.

வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்துகொண்ட மாதிரி.

வெளியே வந்தார். விரலை வேட்டியில் துடைத்தார்.

"வேற கடை காட்டு. நீயே காட்டு."

கிட்டுச்சாமி பூட்டினான். பைக்கில் ஏறி உட்கார்ந்தான். ஸ்டார்ட் பண்ணப் போனவன், யாரோ கூப்பிட்ட மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"காட்டறனுங்க. இவுரும் வர்றேங்கறாரு. தனியா இருந்து சலிச்சுப்போச்சாமா."

அவர் சிரிக்கவில்லை.

இரண்டு நாளாகத் தேடியதில் பொய் சொல்லாதவன் இவன் ஒருத்தன்தான். இன்னும் ஒரு நாள்தான் பாக்கி.

ஏறினார்.

கிட்டுச்சாமியை ஒட்டி உட்காரவில்லை. நடுவில் இடம் விட்டு, சீட்டில் பின்னால் நகர்ந்தார்.

இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். பின்கம்பி இடுப்பில் குத்துகிற வரைக்கும்.