தெளியாத ஜாடி

காலை வெயில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வக ஜன்னல் வழியாக வந்து கண்ணாடி ஜாடியின் மேல் விழுகிறது. உள்ளே, காற்றடிக்கும் தொட்டியிலிருந்து மொண்டு வந்த பழுப்புத் தண்ணீர். இந்நேரம் சேறு அடியில் படிந்து மேலே தெளிந்திருக்க வேண்டும். அதுவோ பிடிவாதமாகக் கலங்கியே நிற்கிறது. பொறியாளரான அவள் நுண்ணோக்கியில் கண்ணைப் பதிக்கிறாள். கழிவைத் தின்று தண்ணீரைத் தெளியவைக்கும் பொடி ஜீவன்கள் நேற்றுவரை சந்தைக் கூட்டம்போல் ஓடித் திரிந்தன. இன்று ஒன்றும் அசையவில்லை. யாரோ எந்தச் சாக்கடையிலோ விஷத்தைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். "வர்ற தண்ணிய கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கலாமா மேடம்?" வாசலில் நின்று ஆபரேட்டர் தலையைச் சொறிகிறார். "எங்கண்ணே நிறுத்துறது? எல்லாத் தொட்டியும் ரொம்பிடுச்சு. ஊர்ல யாரும் கக்கூஸ் போகாதீங்கன்னு தண்டோரா போடவா?" அவர் சிரிக்கப் பார்க்கிறார், சிரிப்பு வரவில்லை. அவருக்குப் பின்னால், கடைசித் தொட்டியின் விளிம்பைத் தாண்டி, கலங்கல் சலசலவென்று ஆற்றுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

மேசைமேல் கைபேசி அதிர்கிறது. கணவன். அவன் குரலுக்குப் பின்னால் குழாய் கொட்டும் சத்தம், மகளின் கும்மாளம். "உன் பொண்ணு தண்ணிய விட்டு வரவே மாட்டேங்குறா. நீயே சொல்லு." அவள் வாயைத் திறக்கிறாள். கண் ஜாடிக்குப் போகிறது. "ஆடட்டும், விடுங்க." மறுமுனையில் குழந்தை கால்களை அடித்துச் சிரிக்கிறது, தண்ணீர் களக் களக்கென்று குளியலறை ஓட்டையில் இறங்குகிறது. ஜாடியைப் பார்த்தபடியே அவள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அந்தத் தண்ணீர் எந்தெந்தத் தெருவுக்கு அடியில் ஓடி இங்கே வந்து சேரும் என்று அவளுக்குத் தெரியும்.