இரண்டாவது பாட்டில்

ஒயின் கிளாஸ் கழுவுவதற்கு ஒரு பக்குவம் உண்டு. தண்டைப் பிடித்துத் திருகினால் ஒடிந்துவிடும். உள்ளங்கையில் ஏந்தி, வெந்நீரில் அலசி, பழைய வேட்டித் துணியால் ஒற்ற வேண்டும். முத்துசெல்வி அப்படி ஒற்றிக்கொண்டிருந்தபோதுதான் முன்னறையில் அந்தப் பேச்சு கேட்டது.

"மங்குஸ்தான் தோலை நகத்தால கீறுனா ஒரு வாசம் வரும்லா, அது. அதுக்கு அடியில கிராம்பு. கடைசியில, சாரல் பட்ட பாறை."

சுந்தரபாண்டியன் அய்யாவின் குரல்.

"எப்படி அண்ணாச்சி இப்படிச் சொல்லுதிய?" டாக்டர் குத்தாலிங்கம் கேட்டார்.

"பிரெஞ்சுக்காரன் கேட்டா கையெடுத்துக் கும்பிடுவான்." இது ரிட்டயர்டு வாத்தியார் நாறும்பூநாதன்.

முத்துசெல்விக்குக் காது சூடாகிவிட்டது.

அது அவள் சொன்னது. ஒரு எழுத்து மாறாமல் அவள் சொன்னது. மதியம் முதல் பாட்டிலைத் திறந்து, ஒரு வாய் ஊற்றி, "குடிக்க வேண்டாம், சும்மா மோந்து பாத்துச் சொல்லும்மா" என்று அய்யா நீட்டியபோது சொன்னது.

ஒரு வருஷமாக இப்படித்தான். அய்யா கப்பலில் முப்பது வருஷம் சமையல் பார்த்துவிட்டு இலஞ்சியில் வந்து வீடு கட்டினவர். பிரான்சில் இருக்கிற மகள் சுவாதி கொண்டுவந்து கொடுத்த பாட்டில்களை, மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிநேகிதர்களோடு உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு மடக்கு ருசி பார்ப்பார். அவர்கள் வரும் முன்பே முத்துசெல்வி வேலையை முடித்துக்கொண்டு போய்விடுவாள். இன்றைக்குக் கிளாஸ் பற்றாது என்று இருக்கச் சொன்னார்; கூட வந்த தன் மகளைக் கொல்லையில் விளையாட விட்டிருந்தாள். திருட்டும் தெரிந்துபோயிற்று.

இந்த மோந்து பார்ப்பதற்கு அவள் வாங்கின பேச்சு கொஞ்சமா? "என்னட்டி, சேலையில வாடை அடிக்கி? வேலைக்குப் போறியா, பாருக்குப் போறியா?" என்று தெருக்குழாயில் வைத்துக் கேட்டாள் மங்களேஸ்வரி. புருஷன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சனிக்கிழமை சாயங்காலமானால் அவன் எந்த வரிசையில் நிற்பான் என்று ஊருக்கே தெரியும்.

ஏச்சு அவளுக்கு, பேரு அவருக்கா? ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்குச் சொந்தமென்று இருந்ததே இந்த நாலு வார்த்தைதான்.

அய்யா வேகமாக அடுக்களைக்குள் வந்தார். கையில் இரண்டாவது பாட்டில். தக்கையைத் திருகி இழுத்தார். அவர் நீட்டும் முன்பே வாசம் அவளிடம் வந்துவிட்டது.

"சீக்கிரம் சொல்லும்மா. இது எப்படி இருக்கு?"

"தெரியல அய்யா. மூக்கு அடைச்சிருக்கு."

அவரிடம் அவள் சொன்ன முதல் பொய்.

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கோபம் இல்லை. "எத்தனை நாளா? ஆவி பிடிச்சியா? சும்மா விட்டுராத தாயி, டாக்டர்ட்ட காட்டு" என்று சொல்லிவிட்டு, பாட்டிலோடு போனார்.

நல்லா மாட்டட்டும். கிளாஸ்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு அவளும் பின்னாலேயே போனாள். அவர் முழிக்கும்போது கூச்சத்தை விட்டு, அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட வேண்டும். அய்யா, மங்குஸ்தான் தோலுன்னு சொன்னது யாரு?

அய்யா ஊற்றினார். கிளாஸைச் சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டார். எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள். நெற்றி வேர்த்திருந்தது.

முத்துசெல்வி வாயைத் திறந்தாள்.

அந்த நேரம் பார்த்து, தென்காசியிலிருந்து புதுசாக வந்து சேர்ந்திருக்கும் மசூது உள்ளே நுழைந்தார். "மன்னிக்கணும், குற்றாலத்துல ஒரே கூட்டம்" என்றபடி கையிலிருந்த பையை அய்யாவின் நாற்காலிக்குப் பின்னால் வைத்தார். பையைக் கிழித்துக்கொண்டு முள் தெரிந்தது. சீசனுக்குக் குற்றாலத்தில் விற்கிற துரியன் பழம். நன்றாகப் பழுத்து வெடித்தது.

நாற்றம் அறையை நிறைத்தது. டாக்டர் கைக்குட்டையை எடுத்தார். வாத்தியார் துண்டால் மூக்கைப் பொத்தினார். முத்துசெல்விக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

அய்யா கண்ணை மூடி, மூச்சை ஆழமாக இழுத்தார்.

"கிராம்பு" என்றார். "லேசா கிராம்பு வருது."

மசூது என்னவோ சொல்ல வாயெடுத்தார். டாக்டர் அவர் கையைப் பிடித்து அழுத்தி, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பிறகு கைக்குட்டைக்குள்ளிருந்தே, "ஆமா அண்ணாச்சி. கிராம்பேதான்" என்றார்.

"தூக்கலா இருக்கு" என்றார் வாத்தியார், இருமிக்கொண்டே.

முத்துசெல்வி அப்படியே நின்றாள். அய்யாவுக்கு எந்த வாசமும் தெரியவில்லை. இவர்களுக்கு அது எப்போதோ தெரிந்திருக்கிறது. இந்த மனுஷனிடமா மூக்கு அடைச்சிருக்கு என்று சொன்னோம்?

தட்டை வைத்தாள். நாலு ஆண்கள் இருக்கும் இடத்தில் அவள் இதுவரை வாய் திறந்ததில்லை.

"என்னய்யா, பாதியை விட்டுட்டிய? கிராம்பு சும்மா பேருக்குத்தான்னு இப்ப அடுக்களையில வச்சு எங்கிட்ட சொன்னியள்லா. புதுப்பானையில ஊத்துன மொதத் தண்ணி வாசம்னிய. அதுக்குப் பொறவு எலுமிச்சம் பூவுன்னிய. கடைசியா இன்னொண்ணு சொன்னிய பாருங்க, அது..."

"யம்மா, இங்கன வா" என்று கொல்லையிலிருந்து மகள் கூப்பிட்டாள். "இருட்டி, அய்யா சொன்னதை முழுக்கச் சொல்லிட்டு வாரேன்" என்றாள் முத்துசெல்வி.