சூடேறிய கார்

பழைய கார்களில் கிராமத்துத் தேவாலயங்களைச் சுற்றிப் பார்க்கும் பயணம். வெயில் மண்டையைப் பிளந்தது. மூன்றாவது தேவாலயத்திலும் அதே கார் பானெட்டைத் திறந்துகொண்டு நிற்க, கூடவே வந்த மெக்கானிக் ஓடினார்.

"இன்ஜின் சூடாயிடுச்சுப்பா" என்றார் அந்தக் காரை ஓட்டி வந்த பெரியவர்.

"இந்த ஓட்டை வண்டியோட மாரடிக்கிறதே என் பொழப்பாப் போச்சு!" என்று திட்டியபடி அவர் மனைவி தேவாலய வாசல் நிழலில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

மெக்கானிக் காருக்குள் எட்டிப் பார்த்தார். "சூடு காட்டுற முள் பாதிகூட ஏறலையே சார்?"

"மெதுவா பேசுப்பா. அவளுக்கு முழங்கால் வலி. காலை மடக்கியே உட்கார்ந்து வர முடியல. ஆனா வலிக்குதுன்னு சொன்னா எனக்குப் பயணம் கெட்டுடும்னு வாயைத் திறக்க மாட்டா."

"சூடு இறங்கிடுச்சா?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

மெக்கானிக் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

"எங்கம்மா? இன்னும் கொதிக்குது!"